காத்தாடிக் கணக்கு: நெய்வேலி முதல் முப்பந்தல் வரை

முதல் நாள்: 2025 ஜூலை 15, செவ்வாய். நெய்வேலி

விடிகாலை நாலரைக்குக் கோவையிலிருந்து கிளம்பினோம். வண்டி என் மச்சினனுடையது. போன தீபாவளிக்கு வாங்கிய மின்சாரக் கார். பெட்ரோல் பங்கைத் தாண்டும்போதெல்லாம் ஒரு சின்னச் சிரிப்பு வரும் அவனுக்கு.

பயணம் எதற்கென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1995-இல் கோவையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஆர்ட்டிகிள் பையனாக, அதாவது தொழில் பழகுகிறவனாக, இருந்தேன். எங்களிடம் வந்த நூற்பாலைக் கணக்குகளில் காற்றாலை என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். சர்வே நம்பர், மின் இணைப்பு நம்பர், விலை, தேய்மானம். முப்பந்தல், ஆரல்வாய்மொழி, காவல்கிணறு என்ற தென்கோடி ஊர்ப்பெயர்களை நூறு தடவையாவது எழுதியிருப்பேன். ஆனால் காற்றாலையை ரயில் ஜன்னலில் பார்த்ததோடு சரி. பழைய டைரியில் கிடைத்த ஓர் இணைப்பு எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். இந்த வருடம் வருமான வரித் தாக்கலுக்கான கெடுவைச் செப்டம்பர் 15-க்குத் தள்ளிவிட்டார்கள். அதனால்தான் ஜூலையில் எனக்கு ஊர் சுற்ற முடிகிறது.

நேரே தெற்கே போகாமல், பழுப்பு நிலக்கரி தோண்டும் நெய்வேலிக்கு வண்டியைத் திருப்பியதற்குக் காரணம் நேற்றைய செய்தி. நாட்டின் மின் நிறுவுதிறனில், அதாவது நட்டுவைத்த நிலையங்களெல்லாம் முழுதாக ஓடினால் வரக்கூடிய மின்சாரத்தில், பாதி இப்போது புதைபடிவ எரிபொருள் அல்லாதது என்று அமைச்சர் பிரல்ஹாத் ஜோஷி அறிவித்தார். மொத்தம் சுமார் 4,84,800 மெகாவாட், அதில் 2,42,800. 2030-க்கு என்று சொன்னது ஐந்து வருடம் முன்னதாகவே வந்துவிட்டதாம்.

மச்சினன் அதைப் படித்துவிட்டுக் குதித்தான். எனக்குக் கணக்குப் புத்தி. 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் பிரதமர் மோடி சொன்னது வேறு. 2030-க்குள் நாட்டின் எரிசக்தித் தேவையில் 50 சதவீதம் புதுப்பிக்கத்தக்க ஆற்றலிலிருந்து வரும் என்றார். 2070-இல் நிகரப் பூஜ்ஜியம், அதாவது காற்றில் விடும் கரியமில வாயுவும் திரும்ப உறிஞ்சுவதும் சமம், என்ற வாக்குறுதியும் அதே பேச்சில்தான். 2022 ஆகஸ்டில் ஐ.நா.வுக்கு எழுதிக் கொடுக்கும்போது ‘தேவை’ போய் ‘நிறுவுதிறன்’ வந்தது. ‘புதுப்பிக்கத்தக்க’ போய் ‘புதைபடிவம் அல்லாத’ வந்தது. மில்லில் நூல் சுற்றும் கதிர் நூறு இருக்கிறது என்பதும் நூறு கதிரும் ஓடுகிறது என்பதும் ஒன்றா? ஓடிய யூனிட்டை எண்ணினால் இன்றைக்கும் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலக்கரிதான். பொய் என்று சொல்லவில்லை. சூரியத் தகடுகள் நிஜமாகவே ஏறிக்கொண்டிருக்கின்றன. தலைப்பை மாற்றி எழுதினால் அடியில் ஒரு குறிப்பு போடவேண்டும் என்பது எங்கள் தொழில் வழக்கம், அவ்வளவுதான்.

சேலம் தாண்டி ஒரு மணி நேரம் சார்ஜ். ஆத்தூர், விருத்தாசலம் வழியாக நெய்வேலி வந்தபோது மணி பன்னிரண்டு. பெரியம்மா மகன், அண்ணன், இங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் ஏற்பாட்டில் சுரங்கத்தின் விளிம்புவரை போய் நிற்க முடிந்தது.

பள்ளம் என்ற சொல் அதற்குப் போதாது. கீழே, படிப்படியாக வெட்டிய மண்ணுக்கு நடுவில், ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. விளிம்பெல்லாம் வாளிகள். இங்கே எல்லோரும் ‘பக்கெட் வீல்’ என்றே சொல்கிறார்கள். பக்கத்தில் நின்ற ஜீப் தீப்பெட்டி மாதிரி தெரிந்தது. மேல்மண்ணை வழித்துக் கொண்டுபோய்க் கொட்டிய இடமெல்லாம் மலையாகி, மரம் முளைத்து நிற்கிறது. நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் அழுத்தத்தோடு ஊற்று நீர் இருக்கிறது, அதை இராப்பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் தோண்ட முடியும் என்றார் அண்ணன். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்ததில் தொடங்கிய கதை. 1956-இல் நிறுவனம். சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல்மின் நிலையத்தை 2020-இல் மூடிவிட்டார்கள். ஆனால் அதற்குப் பதிலாக 1000 மெகாவாட்டில் புதியது எழுந்துவிட்டது. ஒடிசாவின் தாலபிராவில் இதே நிறுவனத்தின் இன்னும் பெரிய நிலக்கரி நிலையத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல். கிளாஸ்கோவுக்கு இரண்டே கால் வருடம் கழித்து.

“நிலம் கொடுத்தவங்க பிள்ளைங்க பாதிப் பேர் இன்னும் காண்ட்ராக்ட்லதான் இருக்காங்க தம்பி,” என்றார் அண்ணன். “2070-ல மூடுறாங்களா இல்லையான்னு இங்க யாரும் கேக்கல. பர்மனென்ட் எப்போன்னுதான் கேக்கறாங்க.” 2023 ஜூலையில் வளையமாதேவியில் பச்சை நெற்பயிருக்குள் இயந்திரத்தை இறக்கிக் கால்வாய் வெட்டிய காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அந்த ஊர் இங்கிருந்து பக்கம்தான்.

திரும்பும் வழியில், லாரியிலிருந்து விழுந்த ஒரு கட்டியைப் பொறுக்கினேன். பழுப்பு நிறம். எதிர்பார்த்த கனம் இல்லை. உற்றுப் பார்த்தால் மரத்தின் வரி அப்படியே தெரிகிறது. மூக்கருகே கொண்டுபோனால் மழையில் நனைந்த விறகின் வாசனை. எடையில் பாதி ஈரம்தான் என்றார் அண்ணன். காரின் முன்பலகையில் வைத்துக்கொண்டேன். இரவு இங்கேதான் வண்டிக்குச் சார்ஜ். “இப்ப உன் கார் எதுல ஓடுது?” என்று நான் கேட்டதற்கு மச்சினன் பதில் சொல்லவில்லை.

இரண்டாம் நாள்: ஜூலை 16, புதன். கமுதி

நீளமான நாள். திருச்சி, மதுரை, அருப்புக்கோட்டை. மதுரை தாண்டி செயலி காட்டிய ஒரு சார்ஜரில் போய் நின்றால் திரை இருட்டு. காவலாளி, “ரெண்டு மாசமா இப்படித்தான் சார், எல்லாரும் வந்து பாத்துட்டுப் போறாங்க,” என்றார். எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை. ஏ.சி.யை அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்துகொண்டு, நாற்பதுக்கு மேல் ஏறாமல் அருப்புக்கோட்டை வரை உருட்டினோம். மச்சினன் பேசவே இல்லை.

கமுதி சூரிய மின் நிலையம் 648 மெகாவாட், சுமார் 2,500 ஏக்கர். 2016-இல் முடிந்தபோது ஒரே இடத்தில் உலகிலேயே பெரியது என்றார்கள். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும். வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். நீலமும் கறுப்புமாக வரிசை வரிசையாகத் தகடுகள், கண் எட்டும்வரை. அசைவே இல்லை. வேலியோரம் ஆடு மேய்கிறது. கரிசல் மண்ணில் வெயில் கொட்டுகிறது. எனக்கு ஐந்து நிமிடத்தில் பார்த்து முடிந்துவிட்டது.

கணக்கு மட்டும் முடியவில்லை. 2015 ஜூலையில் போட்ட ஒப்பந்தத்தில் யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு. அந்த விலைக்கு ஒரு கெடு உண்டு, 2016 மார்ச் 31. எட்டே மாதத்தில் இத்தனை ஏக்கரையும் நிரப்பினோம் என்று கம்பெனி பெருமைப்பட்டது. காலண்டரில் அந்தத் தேதி இல்லாவிட்டால் அவ்வளவு வேகம் வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். 2017-இல் ராஜஸ்தானின் பட்லாவில் சூரிய மின்சாரம் 2 ரூபாய் 44 காசுக்கு ஏலத்தில் இறங்கியது. ஏழு ரூபாய் ஒப்பந்தம் 25 வருடத்துக்கு. தகடு விலை இப்படிச் சரியும் என்று யாருக்குத் தெரியும் என்று கேட்கலாம்.

திரும்பும்போது சீமைக் கருவேலங்காட்டுக்கு நடுவில் புகை. காட்டுத்தீ என்று நினைத்து இறங்கினால், கரிமூட்டம். கருவேல விறகை வட்டமாக, குத்துவாக்கில் அடுக்கி, மேலே செத்தையும் மண்ணும் போட்டு மூடியிருந்தார்கள். அடியில் ஆங்காங்கே ஓட்டை. அதன் வழியே வெள்ளைப் புகை கசிகிறது. ஓர் அம்மா நீண்ட கம்போடு சுற்றிச் சுற்றி வந்து, மண் உள்வாங்கிய இடத்தில் ஈர மண்ணை அள்ளி அப்பிக்கொண்டிருந்தார். கை, முழங்கை வரை கரி.

“காத்து உள்ள போச்சுன்னா எல்லாம் சாம்பலாயிரும்யா. பத்து நாளு, பகலும் ராவும் கண்ணு வைக்கணும்.”

அந்தத் தகடுகள் வந்ததில் ஏதாவது வேலை கிடைத்ததா என்று கேட்டேன். கட்டும்போது கொஞ்ச நாள் கூலி வேலை இருந்ததாம். “இப்ப கழுவுறதுக்கும் மிசினு வச்சிருக்காகளாம்.” உண்மைதான், தூசி துடைக்க ரோபோக்கள் ஓடுகின்றன. அவர் கேட்டார்: “அந்தக் கண்ணாடியில கரண்டு வருதுல்ல, அப்ப கரி வாங்குறத நிறுத்திருவாகளோ?”

மரம் திரும்ப முளைக்கும் என்பதால் விறகுக் கரியை நிகரப் பூஜ்ஜியக் கணக்கில் பாதகமில்லாத பக்கத்தில் எழுதுகிற வழக்கம் உண்டு. சீமைக் கருவேலமோ, வெட்ட வெட்டத் துளிர்க்கிற பிசாசு. அந்தக் கணக்கை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், “நிறுத்தமாட்டாங்கம்மா,” என்று மட்டும் சொன்னேன்.

மூன்றாம் நாள்: ஜூலை 17, வியாழன். தூத்துக்குடி

ஆடி ஒன்று. சாயல்குடி, வேம்பார் வழியாகக் கடற்கரைச் சாலை. இடது பக்கம் கடல், வலது பக்கம் பனை. காற்று காரைத் தள்ள ஆரம்பித்துவிட்டது.

அனல்மின் நிலையத்தை உப்பளத்துப் பக்கமிருந்து பார்த்தோம். 210 மெகாவாட்டில் ஐந்து அலகு, முதலாவது 1979-இல் ஓடத் தொடங்கியது. ஒடிசா, வங்கத் துறைமுகங்களிலிருந்து கப்பலில் வரும் கரி, தளத்திலிருந்து பெல்ட்டிலேயே உள்ளே போய்விடுகிறது. என் கணக்கில் எப்போதோ தேய்ந்து முடிந்திருக்கவேண்டிய இயந்திரம். இன்றும் புகைகிறது. மூடச் சொல்வது சுலபம். ராத்திரி ஏழு மணிக்குச் சூரியனும் இல்லை, பருவம் கழிந்தால் காற்றும் இல்லை. மின்சாரத்தைத் தேக்கிவைக்கிற பேட்டரிக்கு ஆகும் செலவை யார் பேரில் எழுதுவது என்பது இன்னும் முடிவாகவில்லை.

2022 கடைசியில் சென்னையில் நடந்த காலநிலை மாநாட்டில் முதல்வர் ஸ்டாலின், 2070-க்கு முன்னாலேயே தமிழ்நாடு நிகரப் பூஜ்ஜியத்தை எட்டும் என்றார். 2024 மார்ச்சில் அவரே வடசென்னையில் 800 மெகாவாட் அனல் நிலையத்தைத் திறந்துவைத்தார். குறை சொல்ல இதை எழுதவில்லை. அது பல வருடம் முன்பு தொடங்கிய வேலை, பாதியில் விட்டால் வட்டி மட்டும் ஓடும். வாக்குறுதி ஒரு பேரேட்டில், வட்டி இன்னொரு பேரேட்டில்.

மாலையில் துறைமுகச் சாலையில் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டோம். எரிச்சலோடு இறங்கிப் பார்த்தால், ஒரு காற்றாலை இறக்கை. ஒற்றை இறக்கை. லாரியின் தலை வளைவைத் தாண்டிப் போய்விட்டது, வால் இன்னும் இந்தத் தெருவில்தான் இருக்கிறது. பின்னால் தனிச் சக்கர வண்டி, அதை ஓட்ட ஓர் ஆள் ரிமோட்டோடு நடந்தே வருகிறார். இரண்டு பையன்கள் நீளக் கம்பால் குறுக்கே தொங்கும் ஒயர்களைத் தூக்கிப் பிடித்தார்கள். இறக்கையின் நுனி ஒரு பூக்கடைப் பந்தலுக்கு அரையடி தள்ளி, தொடாமல் கடந்தது. பூக்காரம்மா பூக்கட்டுவதை நிறுத்தவே இல்லை. பக்கத்தில் நின்றவரிடம் இது எந்த ஊருக்கு என்று கேட்டேன். “வெளிநாட்டுக்கு அண்ணாச்சி, கப்பலுக்குப் போவுது. வாரத்துல நாலு போவும்.” மச்சினன் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான். படகு மாதிரி இருக்கிறது என்றான்.

ராத்திரி பொரித்த பரோட்டா. சால்னாவைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்னொரு பதிவு வேண்டும்.

நான்காம் நாள்: ஜூலை 18, ஆடி முதல் வெள்ளி. கூடங்குளம், முப்பந்தல்

காலையில் திருச்செந்தூர் சாலையில் முள்ளக்காடு. 1986-இல் தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை இங்கேதான் வந்தது, மின்வாரியம் சோதனைக்காக நட்டது. எந்த இடம் என்று டீக்கடையில் கேட்டோம். யாருக்கும் தெரியவில்லை. உடன்குடியில் இரண்டு கிலோ கருப்பட்டி வாங்கினோம். அங்கேயும் அனல்மின் நிலைய வேலை நடக்கிறது, 660 மெகாவாட்டில் இரண்டு அலகு.

இடிந்தகரை லூர்து மாதா கோயில் முன்னால் கொஞ்ச நேரம் நின்றோம். 2011-லும் 12-லும் பெண்கள் பீடி சுற்றிக்கொண்டே நாள்கணக்கில் உட்கார்ந்து போராடிய முற்றம் இப்போது காலி. கடற்கரைக்குப் போனால் அணு உலைக் கூண்டுகள் தெரிகின்றன. திங்கட்கிழமை அறிவித்த பாதியில் இவையும் அடக்கம், ‘புதைபடிவம் அல்லாத’ என்ற தலைப்புக்கு அடியில். நாட்டின் அணுமின் திறன் மொத்தமே சுமார் 8,800 மெகாவாட், அதில் இந்த இரண்டு உலைகள் மட்டும் 2000. வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்கத் தோன்றிற்று. கேட்கவில்லை. அவர்களிடம் கேட்டவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர்.

ராதாபுரம் தாண்டியதும் காத்தாடிகள். இந்தப் பக்கம் யாரும் காற்றாலை என்று சொல்வதில்லை, காத்தாடிதான். வாழைத்தோப்புக்குள், சுடுகாட்டுக்குப் பின்னால், பள்ளிக்கூடத்துக்கு மேலே. உயரத்தில் மூன்று இறக்கையும் மெதுவாகச் சுற்றும் புதியவை, அவற்றின் இடுப்பளவில் படபடவென்று சுற்றும் பழையவை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் மலை இரண்டு பக்கமும் நெருக்க, நடுவில் மேற்கிலிருந்து காற்று பிய்த்துக்கொண்டு வருகிறது. முப்பந்தலில் கார்க் கதவைத் திறந்ததும் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போயிற்று. கீல் வளைந்திருக்குமோ என்று மச்சினன் இன்னும் புலம்புகிறான்.

இசக்கியம்மன் கோயிலில் நல்ல கூட்டம். லாரிக்காரர்கள் தேங்காய் உடைத்துவிட்டுப் போகிறார்கள். இசக்கி கதையும் பழையனூர் நீலி கதையும் தெற்கே பின்னிக் கிடக்கின்றன. வணிகனின் உயிருக்கு நாங்கள் பிணை என்று எழுபது வேளாளர் வாக்குக் கொடுக்கிறார்கள். விடிவதற்குள் நீலி அவனைக் கொன்றுவிடுகிறாள். எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். வரிசையில் நிற்கும்போது ஒரு பாட்டி தன் பேத்திக்கு இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். “எதுக்குப் பாட்டி தீயில எறங்கணும், சாரி சொல்லிட்டுப் போலாம்லா?” என்றது குழந்தை.

அப்புறம் துண்டுச் சீட்டை எடுத்தேன். இணைப்பு எண்ணைக் கோபுரத்தின் அடியில் பெயின்டில் எழுதியிருப்பார்கள். நாலு பேரிடம் விசாரித்து, இரண்டு மண்பாதை தப்பி, மூன்று மணிக்குக் கண்டுபிடித்தோம். கம்பிக் கோபுரம், 225 கிலோவாட். மில்லின் பெயரை மறைத்து வேறொரு மில்லின் பெயர், அதற்கு மேல் இன்னொன்று. எண் மட்டும் அதேதான். சுற்றிக்கொண்டிருந்தது.

1995 செப்டம்பர் 28-இல் ஓடத் தொடங்கியது என்று நான்தான் எழுதினேன். அந்தத் தேதிக்கு அர்த்தம் உண்டு. அன்றைக்குக் காற்றாலைக்கு முதல் வருடமே நூற்றுக்கு நூறு தேய்மானம், அதாவது விலை முழுவதையும் செலவாகக் காட்டி, வரி போடும் லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த நிதியாண்டில் 180 நாளாவது பயன்பாட்டில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பாதிதான். அதனால் செப்டம்பர் கடைசியில் கிரேனுக்கு அடிதடி. காற்றுப் பருவம் அத்தோடு முடிகிறது என்பது யாருக்கும் கவலையில்லை. கம்பெனி வரி சர்சார்ஜோடு 46 சதவீதம் இருந்த காலம். காத்தாடி விலையில் கிட்டத்தட்ட பாதியை அரசாங்கமே போட்ட மாதிரி. 1996 பட்ஜெட்டில் சிதம்பரம், லாபம் காட்டும் கம்பெனி கொஞ்சமாவது வரி கட்டியே ஆகவேண்டும் என்று குறைந்தபட்ச மாற்று வரி கொண்டுவந்ததும் மோகம் சட்டென்று படுத்தது. பிறகு மின்வெட்டு வந்து மில்காரர்களை மறுபடி இங்கே துரத்தியது. பூமி சூடாகிறது என்று எங்கள் அலுவலகத்தில் ஒருவரும் பேசி நான் கேட்டதில்லை. இன்றைக்குத் தமிழ்நாட்டில் 11,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நிற்கிறது.

1996 மார்ச் 31-இல் இந்தக் காத்தாடிக்கு நேரே ‘தேய்மானம் போக மதிப்பு’ என்ற கட்டத்தில் பூஜ்ஜியம் என்று எழுதினேன். ஆறே மாதத்தில் பூஜ்ஜியம். அது முப்பதாவது ஆடியாகச் சுற்றுகிறது.

அடியில் சின்ன அறை. ஆபரேட்டர் கோடு போட்ட நோட்டில் மணிக்கு மணி எழுதுகிறார். “இவனுக்கு இப்ப மூணாவது முதலாளி சார். எடுத்துட்டுப் பெருசு வைக்கப் போறோம்னு வருசா வருசம் சொல்லுதாங்க.” போன வருடம் அதற்குக் கொள்கை கூட வந்துவிட்டது. நிலம் ஒருவர் பேரில், பாதை இன்னொருவர் பேரில், பக்கத்துக் காத்தாடி வேறொரு மில்லின் பேரில் என்று வில்லங்கம். மூன்று மணிக் கட்டத்தில் 211 என்று எழுதினார். கையெழுத்து அழகு.

வண்டியில் சார்ஜ் 14 சதவீதம். ஆரல்வாய்மொழி சாலையில் ஒரு டீக்கடைக்காரர், ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கி எங்களுக்குக் கொடுத்தார். நூறு ரூபாய் என்று பேச்சு. நெய்வேலிக் கட்டி முன்பலகையில் காய்ந்து, வெடித்து, பொடிப்பொடியாகக் கிடந்தது. அதை ஒரு தாளில் வழித்துக்கொண்டிருந்தபோது, பத்து நிமிடத்திலேயே கரண்ட் போய்விட்டது. சுற்றிலும், எண்ணமுடியாத அளவுக்குக் காத்தாடிகள் முழு வேகத்தில் ஓடுகின்றன.

“எங்கயாவது கிளை ஒடிஞ்சு லைன்ல விழுந்திருக்கும்,” என்றார் கடைக்காரர், பாய்லருக்குக் கரி அள்ளிப் போட்டபடி. “இன்னொரு டீ குடிங்க. காத்து கொஞ்சம் அடங்குனா வந்துரும்.”